உங்களுக்குத் தெரியுமா? துருவுக்கும் தேய்மானத்துக்கும் ஈடுகொடுக்கும் கத்திகள்

எவர்சில்வர் கத்திக்கு வழிகாட்டியது துப்பாக்கிக் குழல். சுட்டுச் சுட்டே தேய்ந்துபோகும் குழல்களுக்கு மாற்று உலோகம் தேடிக்கொண்டிருந்தார் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து ஹாரி பிரேர்லி. 1913 ஆகஸ்டில், 12.8 சதவீதம் குரோமியம் கலந்த எஃகை உருக்கி வார்த்தார். நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக அமிலம் தடவினால், எஃகு லேசில் அரிபடவில்லை. எலுமிச்சைச் சாறு, வினிகர் எதற்கும் அசையவில்லை. இது கத்திக்கு ஆகும் என்று அவர் சொன்னதை ஊர்ப் பட்டறைக்காரர்கள் முதலில் ஏற்கவில்லை. பழைய எஃகுக்குப் பழகிய சூட்டிலேயே காய்ச்சித் தட்டியதில் கத்திக்குப் பதம் வரவில்லை. ‘வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர்’ என்ற பட்டப்பெயர்தான் பிரேர்லிக்கு மிஞ்சியது. பிறகு எர்னஸ்ட் ஸ்டூவர்ட் என்ற பட்டறை மேலாளர் விடாமல் முயன்று நல்ல கத்தியாக்கிக் காட்டினார். கறைபடியாத எஃகு என்ற பொருளில் ‘ஸ்டெயின்லெஸ்’ என்று பெயர் சொன்னவரும் அவரே.

துருவைத் தடுப்பது, எஃகின் மேல் தானாகவே படியும் குரோமியம் ஆக்சைடு ஏடு. தடிமன் சில நானோமீட்டர்தான். கீறினாலும் காற்று பட்டதும் மறுபடி மூடிக்கொள்ளும். இதற்குக் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் வேண்டும். இந்த ஏட்டுக்கு எமன் உப்பு. ஊறுகாய் மாங்காயை நறுக்கிய கத்தியை, உப்பு ஒட்டியபடியே தொட்டியில் போட்டுவிட்டுப் படுத்துப் பாருங்கள். காலையில் அலகில் பழுப்புப் புள்ளிகள் தெரியலாம். தேய்த்தால் நிறம் போகும், புள்ளி விழுந்த இடத்தில் நுண்ணிய குழி நிற்கும்.

கத்தி எஃகின் மொத்தச் சிக்கலும் கார்பனுக்கும் குரோமியத்துக்கும் நடக்கும் இழுபறிதான். கூர் நிற்கக் கார்பன் வேண்டும், துரு அண்டாமல் இருக்கக் குரோமியம் வேண்டும். கார்பன் கூடினால், அது குரோமியத்தைப் பிடித்துக் கடினமான கார்பைடு துகள்களாக்கிவிடும். அலகு தேயாமலிருக்க அந்தத் துகள்கள் உதவும். ஆனால் துருவுக்குக் காவல் நிற்க வேண்டிய குரோமியம் குறைந்துபோகும். 440சி என்ற பெயர்பெற்ற எஃகில் குரோமியம் சுமார் 17 சதவீதம், கார்பன் 1 சதவீதத்தை ஒட்டி. அதுவும் கடற்காற்றில் கறைபடும். 304 ரக எவர்சில்வர் பாத்திரத்திலோ குரோமியம் 18 சதவீதம், கார்பன் மிகமிகக் குறைவு. துருவுக்கு நன்றாகவே ஈடுகொடுக்கும், கத்தியாக அடித்தால் கூர் நிற்காது. ஆகவே, பெட்டியில் அச்சிட்ட குரோமிய அளவை மட்டும் பார்த்துக் கத்தி வாங்காதீர்கள்.

இந்த இழுபறிக்கு அழகான தீர்வு, நாம் மூச்சோடு இழுக்கும் நைட்ரஜன்! கார்பனில் ஒரு பங்கைக் குறைத்து அந்த இடத்தில் நைட்ரஜனைச் சேர்த்தால் எஃகு கடினமாகும், குரோமியமும் பெரும்பாலும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். சாதாரணமாக உருக்கினால் போதிய நைட்ரஜன் எஃகில் தங்காது. அதிக அழுத்தத்தில் உருக்க வேண்டும். விமானத் துறை பேரிங்குகளுக்குப் பயன்படும் குரோனிடூர் 30 இப்படிப் பிறந்தது. அதே வகையைச் சேர்ந்த எல்சி200என் எஃகில் இன்று கடலோடிகளுக்கான மடக்குக் கத்திகள் வருகின்றன.

இரும்பையே நம்பாத கத்தியும் உண்டு. அமெரிக்காவின் இண்டியானாவைச் சேர்ந்த எல்வுட் ஹேன்ஸ், மங்காத உணவுமேசைக் கத்தி செய்ய விரும்பி கோபால்ட்டையும் குரோமியத்தையும் கலந்தார். ஸ்டெல்லைட் என்ற அந்தக் கலவை, பழுக்கச் சூடேறினாலும் கடினம் இழக்காததால், கத்தியை விட லேத் பட்டறையில்தான் பெரும்பெயர் வாங்கியது.

அரிக்காத பழங்காலக் கத்தியும் உண்டு. பண்டைய எகிப்து மன்னர் துட்டன்காமுன் மம்மியோடு கிடைத்த குத்துவாளின் இரும்பு விண்கல்லிலிருந்து வந்தது. 2016-இல் வெளியான எக்ஸ்ரே ஆய்வு அதில் சுமார் 11 சதவீதம் நிக்கல் இருப்பதைக் காட்டியது. 3,300 ஆண்டுகள் கழித்தும் அதன் அலகு அரித்துப்போகவில்லை.

தென்னிந்திய உருக்கு உலகப் புகழ் பெற்றதற்குக் காரணம் அதன் கார்பன், சுமார் 1.5 சதவீதம். இரும்புத் துண்டுகளோடு ஆவாரங்குச்சியையும் எருக்க இலையையும் உருக்குவதற்கான மண்கலத்தில் இட்டு, வாய் பூசி, உலையில் உருக்கியதாக 19-ஆம் நூற்றாண்டுக் குறிப்புகள் சொல்கின்றன. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் கிடைத்த தடயங்கள் இந்தத் தொழிலை இன்னும் பல நூற்றாண்டுகள் பின்னுக்குக் கொண்டுபோகின்றன. மைக்கேல் ஃபாரடே, மின்சார ஆய்வுகளால் புகழ்பெறும் முன்பே, இந்த உருக்கின் ரகசியம் தேடி உழைத்தவர். கூருக்குப் பேர்போன இந்த எஃகில் குரோமியக் காவல் கிடையாது. எண்ணெய் காணாவிட்டால் துருப்பிடிக்கும்.

துருவே தெரியாத கத்தி வேண்டுமா? ஜப்பானின் கியோசெரா 1984-இல் கொண்டுவந்த பீங்கான் கத்தி இருக்கிறது. ஸிர்கோனியா பொடியை அழுத்திச் சுட்டது. தக்காளிக்கும் வெங்காயத்துக்கும் அருமை. எலும்பில் பட்டால் தெறிக்கும், கீழே விழுந்தால் முனை உடையும்.

தேய்மானத்தைப் பொறுத்தவரை, வனேடியம் கலந்து உலோகப் பொடியை இறுக்கிச் செய்யும் எஃகுகள் நீண்டநாள் மழுங்காது. அவற்றிலுள்ள வனேடியம் கார்பைடு வழக்கமான சாணைக்கல்லை விடக் கடினம். மழுங்கிய பிறகு வைரத்தூள் பதித்த கல்லைத் தேட வேண்டும். தெருவில் வரும் சாணைக்காரர் தீட்டித்தரக்கூடிய நடுத்தர எஃகே வீட்டுக்கு உகந்தது என்பேன்.

தேங்காய் உடைக்கும் அரிவாளுக்குத் தேவை வேறு, அடி தாங்கும் குணம். கொல்லுப்பட்டறைகள் பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டையை விரும்பிக் கேட்பது அதற்காகவே. சுமார் 0.6 சதவீதம் கார்பன் உள்ள அந்த எஃகு வளைந்து நிமிரும், எளிதில் உடையாது.

வாழைக்காய் அரிந்ததும் இரும்பு அரிவாள்மனை கருநீலமாவதைக் கண்டு பதற வேண்டாம். காயின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து உண்டாக்கும் படலம் அது. சொரசொரப்பான செந்துருவைத்தான் தேய்த்து நீக்க வேண்டும். கருமையை விட்டுவிட்டு, ஈரம் போகத் துடைத்து, இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள்.