உரிமம் பெற்ற சூதாட்டம்: பிரிட்டன் வகுத்த வழி

பிரிட்டனில் சூதாட்டம் நடத்துவது குற்றமல்ல; உரிமம் இல்லாமல் நடத்துவதே குற்றம். 2007 செப்டம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வந்த 2005-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தின் அடிப்படை இதுதான். இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூன்றும் இதன் எல்லைக்குள் வருகின்றன. வட அயர்லாந்துக்குத் தனிச் சட்டம் உண்டு.

சூதாட்டத்தை இச்சட்டம் மூன்றாகப் பிரிக்கிறது. முதலாவது, பரிசுக்காக ஆடும் அதிர்ஷ்ட விளையாட்டு. அதிர்ஷ்டத்தோடு திறமை கலந்திருந்தாலும், அபாரத் திறமையால் அதிர்ஷ்டத்தை அறவே விலக்க முடிந்தாலும்கூட, அது அதிர்ஷ்ட விளையாட்டே. இந்தியாவில் அளவுகோல் வேறு: திறமையே மேலோங்குகிறது என்று கூறி, 1968-இல் ரம்மியையும் 1996-இல் குதிரைப் பந்தயத்தையும் உச்ச நீதிமன்றம் சூதாட்டம் என்ற வரையறையிலிருந்து விலக்கியது.

இரண்டாவது, பந்தயம். போட்டியில் வெல்வது யார், ஒன்று நடக்குமா நடக்காதா, ஒரு கூற்று மெய்யா பொய்யா என எதன்மீது பணம் கட்டினாலும் அது பந்தயம். மூன்றாவது, லாட்டரி. பணம் கொடுத்துச் சேர்வதும், பரிசு குலுக்கலில் விழுவதும் இதன் அடையாளங்கள். தனியார் லாபத்துக்காக லாட்டரி நடத்த முடியாது. உரிமம் பெற்று நடத்தும் சங்கங்கள் வசூலில் குறைந்தது 20 சதவீதத்தை நற்பணிக்கு ஒதுக்க வேண்டும். தேசிய லாட்டரிக்கு 1993-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது.

உரிமங்களும் மூன்று. தொழில் நடத்தும் நிறுவனத்துக்கும், அதில் முக்கியப் பொறுப்பு வகிப்பவர்களுக்கும் சூதாட்ட ஆணையம் உரிமம் தருகிறது. சூதாட்டம் நடக்கும் கட்டடத்துக்கான உரிமம் உள்ளாட்சி மன்றத்தின் கையில். தார்மீக எதிர்ப்பை மட்டும் காரணம் காட்டி மன்றம் விண்ணப்பத்தை நிராகரிக்க இயலாது. குற்றங்களுக்கு இடமளிக்கக் கூடாது, ஆட்டம் நேர்மையாக நடக்க வேண்டும், சிறுவர்களும் எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களும் காக்கப்பட வேண்டும் என்ற மூன்று நோக்கங்களே உரைகல்.

இணையம் வந்தபின் நிறுவனங்கள் வெளிநாட்டில் இருந்தபடியே பிரிட்டன் மக்களிடம் பணம் வாங்கின. நிறுவனம் எங்கிருந்தாலும், ஆடுபவர் பிரிட்டனில் இருந்தால் ஆணையத்தின் உரிமம் வேண்டும் என்று 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது.

கட்டுப்பாடுகளும் படிப்படியாக இறுகின. பந்தயக் கடைகளில் உள்ள மின்னணு இயந்திரங்களில் ஒரு முறைக்கு 100 பவுண்டு வரை வைக்க முடிந்தது. 2019-இல் அது 2 பவுண்டாகக் குறைந்தது. 2020-இல் கிரெடிட் கார்டில் சூதாடத் தடை வந்தது. 2025 முதல் இணைய ஸ்லாட் ஆட்டங்களுக்கு உச்சவரம்பு 5 பவுண்டு. 18 முதல் 24 வயதுள்ளவர்களுக்கு 2 பவுண்டு.

நிபந்தனையை மீறும் நிறுவனத்துக்கு எச்சரிக்கை, அபராதம், உரிமத்தை நிறுத்தி வைத்தல், ரத்து என ஆணையம் படிப்படியாக நடவடிக்கை எடுக்கலாம். 2023-இல் வில்லியம் ஹில் குழும நிறுவனங்கள் 1.92 கோடி பவுண்டு செலுத்த நேர்ந்தது இந்த அதிகாரத்தால்தான்.