நிலக்காட்சி ஓவியங்களைப் படித்தல்: பாரமகால், பினாங்கு, சுங்கை வே

முன்னுரை

நிலக்காட்சி ஓவியத்தை இயற்கையின் நேர்ப்படியாகக் கருதுவதே பொதுவழக்கு. ஆயினும், ஓவியர் எங்கு நின்று பார்த்தார், யாருக்காக வரைந்தார், எதனை வரையாது விட்டார் என்னும் மூன்று வினாக்களை எழுப்பும்போது அதே ஓவியம் சமூக வரலாற்றுச் சான்றாகிறது. இம்முறையை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. தமிழரின் திணைக் கோட்பாடு இதற்குத் துணைநிற்கும். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொள்ளும் தொல்காப்பியம், உணவு, விலங்கு, மரம், பறவை முதலியவற்றோடு மக்களின் தொழிலையும் கருப்பொருளில் அடக்குகிறது. எனவே, தொழில் செய்வோரை நீக்கிவிட்டு நிலத்தைக் காண்பது நம் மரபன்று.

பாரமகால் மலைக்கோட்டைகள்

தாமஸ் டேனியலும் அவர்தம் உடன்பிறந்தார் மகன் வில்லியம் டேனியலும் 1792-93ஆம் ஆண்டுகளில் தென்னிந்தியாவில் பயணம் செய்து வரைந்தனர். காட்சியைத் தாளின்மீது வீழ்த்திக் காட்டும் இருட்பெட்டிக் கருவியைப் பயன்படுத்தியதால் அவர்களின் கோடுகள் துல்லியமானவை. 1795 முதல் 1808 வரை வெளிவந்த 'ஓரியண்டல் சீனரி' தொகுப்பின் 144 படங்களுள் இராயக்கோட்டை முதலிய மலைக்கோட்டைகளும் உள்ளன. இவை தெரிவுசெய்யப்பட்டதன் காரணத்தை வரலாறு காட்டுகிறது. மூன்றாம் மைசூர்ப் போர் 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையோடு முடிந்து, பாரமகால் கிழக்கிந்தியக் கும்பெனியின் கைக்கு வந்தது. பாறையின் வடிவம் உண்மையே. அப்பாறையைத் தெரிந்தெடுத்த கண் வென்றவரின் கண்.

பினாங்குக் காட்சிகள்

கும்பெனிப் படையின் பொறியாளரான கேப்டன் ராபர்ட் ஸ்மித் வரைந்த பத்துப் பினாங்குக் காட்சிகளை அதே வில்லியம் டேனியல் செதுக்கி 1821இல் வெளியிட்டார். அவற்றுள் சஃபோக் மாளிகையும், குளுகோர் மாளிகையும் அதன் நறுமணப்பயிர்த் தோட்டமும் இடம்பெறுகின்றன. தலைப்பு மாளிகையின் பெயரைச் சொல்கிறது. தோட்டத்தில் உழைத்தோர் யாவர் என்பதைச் சொல்வதில்லை. இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள் அத்தீவின் சாலைகளை அமைத்தமையை அரசு ஆவணங்கள் வழியாகவே அறிகிறோம்.

இதனை ஓவியரின் தனிப்பட்ட வஞ்சமாகக் கொள்ளுதல் பொருந்தாது. இருண்ட முன்புலம், ஒளி விழும் நடுப்புலம், மங்கித் தோன்றும் தொலைமலை, அளவு காட்டும் சிற்றுருவங்கள் என்பது அக்கால ஆங்கில ஓவிய மரபு. மரபு, புரவலர், அதிகாரம் ஆகிய மூன்றும் சேர்ந்தே ஒரு காட்சியை உருவாக்குகின்றன. ஆதலால் ஓவியத்தின் மௌனத்தை மட்டும் கொண்டு முடிவு கூறாது, நிலவரைபடம், கைதிப் பதிவேடு, கோயில் மற்றும் பள்ளிவாசல் வரலாறு ஆகியவற்றோடு ஒப்பிட்டே கூறவேண்டும்.

சுங்கை வே

இம்முறை நம் அண்டையிலும் பயன்படும். சுங்கை வே வட்டாரம் ஈயச் சுரங்கமும் பால்மரத் தோட்டமும் சூழ்ந்த நிலமாயிருந்தது. அவசரகாலத்தில் (1948-60) இங்குப் புதுக்கிராமம் எழுந்தது. 1970களில் தடையற்ற வாணிப வட்டாரத் தொழிற்சாலைகள் வந்தன. 1993இல் கைவிடப்பட்ட ஈயச் சுரங்கப் பள்ளத்தில் சன்வே லகூன் பூங்கா திறக்கப்பட்டது. இன்று அந்நீர்ப்பரப்பை அழகுறத் தீட்டும் மாணவர், அறியாமலே ஒரு சுரங்கத்தின் வடுவைத் தீட்டுகிறார்.

முடிவுரை

பினாங்குத் தோட்டங்களின் உழைப்பாளரை ஓவியங்கள் பெயரிடவில்லை எனினும் ஆவணங்கள் ஓரளவு மீட்டுத் தருகின்றன. தோட்டங்கள் மறைந்த கிள்ளான் பள்ளத்தாக்கிலோ, எஞ்சியிருப்பது பெரும்பாலும் முதியோரின் நினைவே. மாணவர்கள் தம் வட்டாரத்தை வரையுமுன் பழைய நிலவரைபடத்தை விரித்துவைத்து, அங்கு வாழ்ந்த முதியோரிடம் லயங்களும் கோயிலும் பள்ளியும் இருந்த இடங்களைக் கேட்டுக் குறித்துக்கொள்வது நலம். அக்குறிப்புகளே கருப்பொருளை நிலத்திற்கு மீட்டளிக்கும்; அவற்றைத் திரட்டுதற்குரிய காலமோ குறுகிவருகிறது.