குறைந்த செலவில் ஒரு படத்தொகுப்பு அறை

விஞ்ஞானம் நமக்கு அளித்த விந்தைகளுள் தொலைக்காட்சியும் ஒன்றாகும். சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கியது. அந்நாளில் நாடாவில் பதிவான ஒரு நிகழ்ச்சியைத் தொகுப்பதென்றால் இரண்டு பெரிய இயந்திரங்கள் வேண்டும். ஒன்றில் மூல நாடா ஓட, வேண்டிய பகுதியை மட்டும் மற்றொன்றில் நகல் எடுப்பார்கள். நகலுக்கு நகல் எடுக்க எடுக்கப் படம் மங்கிக்கொண்டே போகும். இன்றோ அந்த வேலையை மேசைமேல் உள்ள ஒரு கணிப்பொறியே படம் மங்காமல் செய்து முடிக்கிறது. ஆயினும் எதை வாங்குவது, எதை விடுவது என்று அறியாமல் கடைக்காரர் காட்டியதையெல்லாம் வாங்குவோர் பலர். பள்ளி விழாக்களைப் படமாக்கித் தொகுக்க விரும்பும் நம்மைப் போன்றோரின் கையில் இருப்பது பெற்றோர் உழைத்துத் தந்த பணம். அதை எந்த வரிசையில் செலவிடலாம் என்று பார்ப்போம்.

முதலில் ஒரு நற்செய்தி. தொகுப்பதற்கான மென்பொருளுக்கு நாம் ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை. திரைப்படங்களுக்கு நிறம் திருத்தும் ‘டாவின்சி’ என்ற கருவி ஒரு காலத்தில் பல லட்சம் டாலர் விலையுள்ளதாக இருந்தது. அதைச் செய்த நிறுவனத்தை 2009இல் ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் விலைக்கு வாங்கி, 2011இல் அதன் மென்பொருளின் ஒரு வடிவத்தை இலவசமாகவே வெளியிட்டது. பள்ளி வேலைக்கு அந்த இலவச வடிவமே தாராளம். அது ஓடாத எளிய கணிப்பொறியாயின் கேடென்லைவ், ஷாட்கட் ஆகியவை உண்டு, இவையும் இலவசமே.

கணிப்பொறியில் 16 ஜிகாபைட் நினைவகமாவது இருத்தல் நலம். கைப்பேசியில் எடுத்த படம் அதில் திக்கித் திக்கி ஓடினால் கணிப்பொறியைக் குறை சொல்லிப் புதியது வாங்க ஓட வேண்டாம். கைப்பேசி, இடத்தைச் சேமிப்பதற்காக ஒவ்வொரு சட்டத்தையும் முழுமையாகப் பதியாமல், முன்பின் உள்ள சட்டங்களிலிருந்து மாறியதை மட்டுமே பெரும்பாலும் பதிகிறது. அதை விரித்துக் காட்டுவது கணிப்பொறிக்குப் பெரும் பாரம். ‘பிராக்சி’ எனப்படும் சிறிய நகலைச் செய்து, அதை வைத்துத் தொகுத்து, இறுதியில் மட்டும் மூலப் படத்தை எடுத்துக்கொண்டால் பழைய கணிப்பொறியும் தாக்குப்பிடிக்கும். அதில் மிச்சமாகும் பணத்தில் இரண்டு வன்தட்டுகள் வாங்கி, மூலப் படத்தை இரண்டிலும் வைக்கலாம். தொகுப்புக்கேற்ற ‘புரோரெஸ்’ போன்ற வடிவில் ஒரு மணி நேரப் படம் ஏறத்தாழ 55 ஜிகாபைட் இடத்தைப் பிடிக்கும். மின்வெட்டு நேரத்துக்கு ஒரு யு.பி.எஸ். கட்டாயம்.

இனி வருவதே முக்கியம். நாம் தொகுக்கும் படத்தின் நிறம் சரியா என்று எதைப் பார்த்து அறிவது? கடையில் வரிசையாக வைத்திருக்கும் தொலைக்காட்சிப் பெட்டிகளைப் பாருங்கள். ஒரே படம் ஒவ்வொன்றிலும் ஒரு நிறம்! வாடிக்கையாளரைக் கவர வெண்மையை நீலமாக்கி, ஒளியைக் கூட்டி வைத்திருப்பார்கள். அத்தகைய திரையைப் பார்த்து நிறம் திருத்தினால் நம் மாணவியரின் மாநிற முகங்கள் வெளிறியோ சாம்பல் பூத்தோ போகும். இது சிறிய காரியமன்று. முற்காலத்தில் கோடாக் நிறுவனம் நிறம் சரிபார்ப்பதற்காகப் படம் கழுவும் கூடங்களுக்கு அனுப்பிய ‘ஷெர்லி அட்டை’யில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். கரிய முகங்கள் பலகாலம் படத்தில் செம்மையாக விழாததற்கு அதுவும் ஒரு காரணம். தன் முகத்தைத் தன் நிறத்திலேயே காணும் உரிமை ஒவ்வொரு பெண்ணுக்கும் உண்டு என்பது நம் எண்ணம்.

ஒளிபரப்புத் துறையினர் இதற்கென ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் ‘ரெக். 709’. வெண்மை 6500 கெல்வின், உச்ச ஒளி 100 நிட், காமா 2.4 என்று திரையை அமைக்க வேண்டும். இதற்கென்றே செய்த ஒளிபரப்புத் திரைகளின் விலை நம் கைக்கு எட்டாது. பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாத ஐ.பி.எஸ். வகைத் திரை ஒன்றை வாங்கி, நிறமளக்கும் கருவியை இரவலாகவோ வாடகைக்கோ பெற்றுச் சரிசெய்து கொண்டால் போதும். கணிப்பொறியின் இயங்குதளம் நிறத்தைத் தன் விருப்பம்போல் மாற்றிவிடுவதுண்டு. அதைத் தவிர்க்க, காட்சிச் சமிக்ஞையை மாற்றாமல் திரைக்கு அனுப்பும் சிறு பெட்டி ஒன்றைப் பின்னர் வாங்கிக் கொள்ளலாம். அறைச் சுவர் சாம்பல் நிறமாக இருப்பது நல்லது. குழல்விளக்கு திரைமேல் நேராக விழக்கூடாது.

திரையைவிட நம்பத்தக்கவை மென்பொருளிலேயே அடங்கியுள்ள அளவுக் கருவிகள். முன்பு இவற்றைத் தனிப் பெட்டிகளாக வாங்க வேண்டியிருந்தது. ‘வேவ்ஃபார்ம்’ என்பது படத்தின் ஒளியை வரைபடமாகக் காட்டும். நம் அருட்சகோதரிகள் வெண்ணிற உடையில் வெயிலில் வரிசையாக நிற்கும் காட்சியை எண்ணிப் பாருங்கள். வெண்மை மிகுந்த காட்சியைக் கண்டதும் படக்கருவி தானே ஒளியைக் குறைத்துவிடும். முகங்கள் இருண்டு போகும். முகத்துக்காக ஒளியைக் கூட்டினாலோ உடையின் மடிப்புகள் மறைந்து வெறும் வெள்ளைக் காகிதம்போல் ஆகிவிடும். வெண்மை உச்சக் கோட்டில் முட்டாமலும் முகம் கீழே அமுங்காமலும் இருக்கிறதா என்பதை வேவ்ஃபார்ம் பார்த்தவுடனே சொல்லிவிடும். ‘வெக்டர்ஸ்கோப்’ என்ற மற்றொன்று நிறச்சாயலைக் காட்டும். அதில் தோலின் நிறத்துக்கு ஒரு கோடு உண்டு. வியப்பென்னவென்றால், சிவந்த மேனியோ கரிய மேனியோ, எல்லாருடைய தோலும் ஏறக்குறைய அந்த ஒரே கோட்டின் அருகில்தான் விழுகிறது! வேறுபடுவது பெரும்பாலும் ஒளியின் அளவே.

ஒலிக்கு ஒரு நல்ல தலையணி ஒலிப்பான் போதும்.

படம் முடிந்ததும் ஒரு முறை சாதாரண வீட்டுத் தொலைக்காட்சியிலும் ஒரு முறை கைப்பேசியிலும் ஓட்டிப் பார்ப்பது வழக்கம். பெற்றோர் பார்க்கப்போவது அவற்றில்தானே. அவர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: உங்கள் பெட்டியின் பட அமைப்பில் ‘விவிட்’ என்று இருந்தால் அதைச் ‘சினிமா’ என்று மாற்றிவிடுங்கள். முதல் நாள் படம் சற்று மஞ்சளாகத் தோன்றும். இரண்டொரு நாளில் கண் பழகிவிடும்.