உப்பு வரையும் வாழ்த்து மடல்

விருத்தாசலத்தில் வாழும் நமக்குச் சூளை புதியதன்று. பீங்கான் பொம்மைகளும் ஃபியூஸ் கட்டைகளும் வெந்து வெளிவரும் ஊர் இது. ஆனால் சூளைக்கும் உப்புக்கும் உள்ள பழைய உறவைப் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். ஏறத்தாழ 15ஆம் நூற்றாண்டு முதல் ஜெர்மனியின் ரைன் ஆற்றுப் பகுதிக் குயவர்கள், கொதிக்கும் சூளைக்குள் உப்பை வீசி வந்தனர். 1,200 பாகை செல்சியசைத் தாண்டிய வெப்பத்தில் உப்பு ஆவியாகும். அதிலுள்ள சோடியம் களிமண்ணின் சிலிக்காவோடு கூடிக் கண்ணாடி மெருகாகப் படியும். ஆரஞ்சுத் தோலையொத்த நுண்புள்ளிகளே அம்மெருகின் அடையாளம். எந்தப் புள்ளி எங்கே அமையும் என்பதைக் குயவர் முடிவு செய்வதில்லை.

அதே உப்பு நெருப்பின்றி ஈரத்தாளிலும் கோலமிடும். கையால் செய்யும் வாழ்த்து மடலுக்கு அது அழகிய பின்னணியாகும்.

ஏன் உப்பு?

பக்கவாதத்திற்குப் பின்போ, நீண்ட காய்ச்சலுக்குப் பின்போ கை நடுங்குவோர், “கோடு நேராக வரவில்லையே” என்று தூரிகையைக் கீழே வைத்துவிடுவதை நாங்கள் கண்டிருக்கிறோம். உப்பைத் தூவ நேர்கோடு வேண்டியதில்லை. நடுங்கும் விரல்களிலிருந்தும் உப்பு தானே பரவி விழும். வரைய இயலாது என்று எண்ணியவரும் தம் கையால் ஒரு மடலை முடித்துத் தரலாம்.

செய்முறை

நீர்வண்ண ஓவியத்திற்குரிய கெட்டித் தாள் வேண்டும். 300 ஜிஎஸ்எம் எடையுள்ளது சிறந்தது. மெல்லிய தாள் சுருங்கிவிடும். தாளின் நான்கு விளிம்புகளையும் அட்டையின்மேல் ஒட்டுநாடாவால் ஒட்டிக்கொள்ள வேண்டும். நீரில் கரையும் மையையோ நீர்வண்ணத்தையோ அகலத் தூரிகையால் தாராளமாகப் பூச வேண்டும். கருநீலம், கரும்பச்சை போன்ற அடர்நிறங்களில் கோலம் தெளிவாகத் தெரியும்.

அடுத்து வருவதே முக்கியமான தருணம். நாங்கள் முயன்ற முதல் தாளில் நீர் தேங்கி நிற்கும்போதே உப்பைத் தூவினோம். அது கரைந்து போயிற்று. இரண்டாம் தாளில் அதிகம் காத்திருந்தோம்; மை காய்ந்துவிட்டதால் ஒன்றும் நிகழவில்லை. நீர் தேங்காமல், ஆயினும் தாள் ஈரத்தால் பளபளக்கும் நிலையே சரியானது. அப்போது தூவினால் உப்பு ஈரத்தை உறிஞ்சும். ஈரத்தோடு நிறமும் இடம்பெயரும். அவ்விடத்தில் வெளிறிய விண்மீன் வடிவம் பூக்கும். கல்லுப்பு பெரிய பூக்களையும் தூளுப்பு சிறு புள்ளிகளையும் தரும். நெருக்கமாகக் கொட்டாமல் இடைவெளி விட்டுத் தூவுவது நலம்.

பிறகு தாளைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். தானே காய ஒரு மணி நேரமோ, மழைநாளில் அதற்கும் மேலோ ஆகலாம். நன்கு காய்ந்தபின் உப்பை உலர்ந்த துணியால் துடைத்தெடுத்து, தாளை வேண்டிய அளவில் வெட்டி மடலின் முகப்பில் ஒட்டலாம்.

கவனிக்க வேண்டியவை

படுக்கையருகே நீரும் மையும் கொண்டுவருமுன் செவிலியரிடம் கேட்க வேண்டும். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோர் பிரிவில் இதற்கு அனுமதி இல்லாதிருக்கலாம். ஊசிக்குழாய் பொருத்திய கையைப் பயன்படுத்தலாகாது. புண்ணோ வெடிப்போ உள்ள விரலில் உப்பு எரியும். அவர்களுக்குச் சிறு கரண்டி போதும். தரையில் சிந்திய நீரை உடனே துடைக்க வேண்டும். மைபட்ட உப்பை உணவுப் பொருள்களருகே வைக்காமல் அன்றே அப்புறப்படுத்த வேண்டும். களைப்புத் தோன்றினால் பாதியில் நிறுத்தலாம். உப்பு தன் வேலையைத் தொடரும்.

உள்ளே எழுத வேண்டியது என்ன?

மடல் இரவெல்லாம் விழித்திருந்த மகளுக்காக இருக்கலாம். ஊரில் காத்திருக்கும் பேரனுக்காகவும் இருக்கலாம். நோயாளியால் எழுத இயலாதபோது, உடனிருப்பவர் கேட்டு எழுதட்டும். ஒரே சொல்லைச் சொன்னாலும் அச்சொல்லை மட்டுமே எழுதினால் போதும். நாம் எதையும் சேர்க்க வேண்டியதில்லை.