குடிநீர்க் கிணறும் எருக்குழியும்

நாஞ்சில் நாட்டுக் குடியானவர்கள் கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரு போகங்களுக்கும் எருச் சேகரிப்பதில் காட்டும் சிரத்தை யாவரும் அறிந்ததே. ஆனால் அவ்வெரு எவ்விடத்தில் சேகரிக்கப்படுகிறது என்பதையும் கவனித்தல் வேண்டும். தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலூகாக்களின் பழைய வீடுகள் பலவற்றில் புறவாசலின் ஒரு மூலையில் கிணறும், அதையடுத்து மாட்டுத் தொழுவமும், அதற்கப்பால் எருக்குழியும் இருக்கக் காணலாம். இடவசதியைக் கருதி ஏற்பட்ட இவ்வமைப்பின் தீங்கு கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

பேச்சிப்பாறைத் தண்ணீர் கால்வாய்களில் ஓடிக் குளங்கள் நிரம்பி, மழையும் சேர்ந்துகொள்ளும் மாதங்களில் நிலத்தடி நீர் மேலே ஏறுகிறது. எருக்குழியின் அடிக்கும் அந்நீருக்கும் இடையிலுள்ள மண் அப்போது குறைந்துவிடுவதால், குழியின் கசிவு போதிய அளவு வடிகட்டப்படாமலே கிணற்றைச் சேரும். கக்கூஸ் குழியும் அருகிலிருந்தால் ஆபத்து பன்மடங்காகும். 1884ம் வருஷத்தில் ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய நிபுணர் கல்கத்தாவில் ஒரு குளத்து நீரிலேயே காலராக் கிருமியைக் கண்டார். தெளிவாயிருக்கும் நீர் சுத்தமானது என்பது பொருந்தாது.

கிருமிகளைக் காய்ச்சிக் கொல்லலாம். காய்ச்சியும் போகாத வேறொரு பொருள் உண்டு. மாட்டு மூத்திரத்திலும் சாணத்திலும் உள்ள தழைச்சத்து மண்ணில் நைட்ரேட்டாக மாறி, நீரில் எளிதில் கரைந்து இறங்கிவிடும். 1945ம் வருஷத்தில் அமெரிக்காவின் ஐயோவா மாகாணத்தில் டாக்டர் காம்லி என்பவர், பண்ணைக் கிணற்று நீரில் கலந்த பாலைக் குடித்த சிசுக்களின் உடல் நீலம் பாய்ந்ததற்கு இதுவே காரணமென்று எடுத்துக்காட்டினார். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. நீரைச் சுண்டக் காய்ச்சினால் இதன் செறிவு கூடுமேயன்றிக் குறையாது. வயலில் பயிருக்குச் சேரவேண்டிய சத்தே இவ்விதம் தொட்டில் குழந்தைக்கு விஷமாகிறது, எருவும் வீணாகிறது.

ஆகையால் எருக்குழி கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி தூரத்தில், கிணற்றைவிடத் தாழ்ந்த பக்கத்தில் இருத்தல் வேண்டும். அடியில் களிமண் இட்டுத் திமிசுபோட்டு, சுற்றிலும் வரப்புக் கட்டி, மேலே ஓலைக் கூரை வேய்ந்தால் மழைநீர் சத்தைக் கரைத்துச் செல்லாது. புறவாசலில் அத்தனை இடம் இல்லாதவர்கள் குழியை வயலோரத்துக்கு மாற்றுவதே வழி. நாள்தோறும் சாணம் சுமக்கும் பெண்களுக்கு இது கூடுதல் பாடு என்பதை மறுப்பதற்கில்லை. ஒரு கைவண்டி வாங்கிக் கொடுப்பது வீட்டுக்காரர் கடமை.

கிணற்றுக்கு இரண்டரை அடிக் கைப்பிடிச் சுவரும், சுற்றிலும் மூன்றடி அகலச் சிமெண்டுத் தளமும், கழிவுநீரை வாழைக்குக் கொண்டுபோக ஓர் ஓடையும் வேண்டும். வாளியும் கயிறும் கிணற்றுக்கென்றே தனியாக இருக்கட்டும்.

மழைக்காலத்தில் பிளீச்சிங் பவுடர் இடலாம். ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் கணக்கு. இரண்டு மீட்டர் குறுக்களவும் மூன்று மீட்டர் நீராழமும் உள்ள கிணற்றில் ஏறக்குறைய 9,400 லிட்டர் நீர் இருக்கும். அதற்கு 25 கிராம் போதும். பொடியை முதலில் குழம்பாகக் குழைத்து, வாளியில் நீர் விட்டுக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிவை மட்டும் கிணற்றில் இறக்கி நன்றாகக் கலக்கவேண்டும். இரவில் செய்தால் காலையில் இறைக்கலாம். திறந்துவைத்த பழம் பொடிக்கு வீரியமில்லை. தேற்றாங்கொட்டையை உரைத்து நீரைத் தெளியவைக்கும் பழக்கம் நல்லதே. எனினும் அது கலங்கலைப் போக்குமேயன்றிக் கிருமிகளைப் பற்றிய கவலையைத் தீர்க்காது.

2019ம் வருஷத்திய ஜல் ஜீவன் திட்டத்தால் குழாய் வந்த வீடுகளிலும், குழாயில் நீர் வராத நாளில் கிணறே கைகொடுக்கிறது. எனவே கிராம அதிகாரிகளும் பஞ்சாயத்தாரும் ஐப்பசி மழைக்குப் பின் ஒரு தடவையும், மாசியில் கால்வாய் அடைத்தபின் ஒரு தடவையும் கிணற்று நீரைப் பரிசோதிக்க ஏற்பாடு செய்தல் நலம். நீரை மருந்துக் குப்பியில் விட்டு வைத்து, அது கறுத்தால் மலக்கிருமிக் கலப்பு உண்டென்று கொள்ளவேண்டும். நைட்ரேட்டை அறிய இக்குப்பி உதவாது. அதற்கு நீரைப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பவேண்டும். கைக்குழந்தை உள்ள வீட்டுக் கிணறுகளை முதலில் எடுத்துக்கொள்ளலாம்.