திரையில் தெரிவது யார் முகம்?

திரைக்கு முன்னால் நிற்கிறீர்கள். கேமரா உங்கள் முகத்தைப் பிடிக்கிறது. அடுத்த நொடி திரையில் இருப்பது கதகளி முகம். இல்லையென்றால் தெய்யத்தின் முகம். நீங்கள் தலையைச் சாய்த்தால் அதுவும் சாய்கிறது. பெங்களூருவைச் சேர்ந்த செயற்கை நுண்ணறிவுக் கலைஞர் ஹர்ஷித் அகர்வாலின் ‘மாஸ்க்டு ரியாலிட்டி’ என்ற படைப்பு இது. கதகளி மேல்சாதியினரின் ஆதரவில் வளர்ந்த கலை; தெய்யம் ஒடுக்கப்பட்ட சாதியினர் கட்டியாடும் சடங்கு. பார்க்க வந்தவர் எந்தச் சாதி என்று கருவி கேட்பதில்லை. இரண்டு வேடத்தையும் யாருக்கும் போட்டுவிடுகிறது.

கருவி எப்படிப் பார்க்கிறது?

கேமரா தருவது வெறும் எண்கள்: ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு வெளிச்சம், என்ன நிறம் என்ற கணக்கு. ஏராளமான படங்களைக் காட்டிப் பழக்கிய மென்பொருள், அந்த எண்களில் கண் எது, மூக்கு எது என்று ஊகிக்கிறது. வேட முகத்தையும் பழக்கிய படங்களில் கற்றதை வைத்தே வரைகிறது.

நம் கண் மட்டும் என்ன?

நம் விழித்திரையில் பார்வை நரம்பு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்களே இல்லை. அந்த ஓட்டையை மூளை நிரப்பிவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியலாளர் வி.எஸ்.ராமச்சந்திரன், கை இழந்தவர்களின் மற்றொரு கையின் பிம்பத்தை, முகம் பார்க்கும் கண்ணாடி பொருத்திய பெட்டியில் காட்டினார். இல்லாத கை அசைவதாகப் பலர் உணர்ந்தார்கள். ஊகிப்பதில் கருவியும் நாமும் ஒரே சாதிதான்.

இதில் நமக்கு என்ன?

ஊகம் தவறினால் யாருக்கு நஷ்டம் என்பதுதான் கேள்வி. முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று நிறுவனங்களின் மென்பொருள்களை ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு இருவரும் சோதித்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். வெளிர் நிற ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம், கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை.

கலைக்கூடத்தில் முகம் மாறினால் சிரித்துவிட்டு நகரலாம். வாசலில் நிற்கும் கேமராவிடம் அப்படி முடியாது. பெங்களூரு விமான நிலையத்தில் முகத்தைக் காட்டி உள்ளே போகும் ‘டிஜி யாத்ரா’ 2022 டிசம்பரில் தொடங்கியது. ஆனால் அது கட்டாயமல்ல; விருப்பமில்லாதவர்கள் வழக்கம்போல அடையாள அட்டையைக் காட்டியே போகலாம்.