நுரையும் இரும்பும்

முழங்கால் சிராய்த்து வரும் பிள்ளையின் புண்ணில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் வெண்ணுரை பொங்கும். "கிருமி சாவதால் நுரைக்கிறது" என்று பல்லாண்டுகள் வகுப்பில் கூறிவந்தேன். அது பிழை; இன்று திருத்திக்கொள்கிறேன்.

அந்நுரை பிராணவாயுவே. பெராக்சைடின் இரு மூலக்கூறுகள் சிதைந்து, இரண்டு நீர் மூலக்கூறுகளும் ஒரு பிராணவாயு மூலக்கூறும் உண்டாகின்றன. புட்டியில் மெல்லச் சிதைவது, புண்ணில் பட்டவுடன் விரைவதேன்? குருதியிலும் உயிரணுக்களிலும் உள்ள 'காட்டலேஸ்' என்னும் நொதியே காரணம்.

அதன் நடுவே, நைட்ரஜன் அணுக்கள் சூழ, ஓர் இரும்பணு அமர்ந்திருக்கிறது. இத்தகைய அமைப்பை அணைவுச் சேர்மம் என்பர். முதல் பெராக்சைடு மூலக்கூறு தன் ஆக்சிஜன் அணுவொன்றை இரும்பிடம் ஒப்படைத்துவிட்டு நீராகிறது. இரண்டாவது வந்ததும் அவ்வணு நீராகி நீங்க, பிராணவாயு வெளிப்படுகிறது. இரும்பு பழைய நிலை எய்துகிறது. வரவும் செலவும் நேராகி முதல் குறையாத நகரத்தார் பேரேடு போன்றது இது! இதுவே கிரியா ஊக்கியின் இலக்கணம்.

தண்ணீரில் கரைந்த வெறும் இரும்பு உப்பும் பெராக்சைடைச் சிதைக்கும். ஆனால் அப்போது தோன்றும் வீரியமிக்க துணுக்குகள் எதிர்ப்பட்டதைத் தாக்கும். 1894-இல் ஃபென்டன் வெளியிட்ட இவ்வினை, இன்று சாயக்கழிவு நீரைத் தூய்மையாக்க உதவுகிறது. அதே இரும்பு, தக்க துணை சூழ்ந்தால் காவலன், தனித்தால் முரடன்.

அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, 1953-இல் காரைக்குடியில் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆய்வுக்கழகம் நம் அருகிலேயே உள்ளது. எனினும், ஆராய்ச்சியை அடுக்களையிலும் தொடங்கலாம். பச்சை உருளைக்கிழங்குத் துண்டிலும் வேகவைத்த துண்டிலும் மருந்துக்கடைப் பெராக்சைடைச் சில துளி விடுங்கள். ஒன்று நுரைக்கும், மற்றது நுரைக்காது. காரணத்தை நீங்களே கூறுங்கள். ஆசிரியர் சொன்னார் என்பதற்காக எதையும் நம்பிவிடாதீர்கள்!